திறந்த ஹெட்ஃபோனும் ஐயோ சாரும்

‘ஐயோ’ என்று தொடங்காத ஒரு வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டது ஒரே ஒரு தடவை. நான்கு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் சொல்கிறேன், நம்பலாம். காலையில் வணக்கம் சொன்னால், “ஐயோ, வணக்கம்.” டீ வந்தால், “ஐயோ, டீ வந்துடுச்சா?” கேட்ட லீவு கிடைத்துவிட்டது என்று மேனேஜர் சொன்னால், “ஐயோ, குடுத்துட்டீங்களா?” அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் ஐயோ சார்.

உழவர்கரையில் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். பேச்சைக் கேட்டு எழுத்தாக அடிக்கிற வேலை. ஆராய்ச்சிக்காரர்கள் கிராமம் கிராமமாகப் போய் விவசாயிகளைப் பேட்டி எடுத்து ஒலிப்பதிவை அனுப்புவார்கள். நாங்கள் எட்டு பேர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அடிப்போம். தையல் மிஷினுக்கு இருப்பதுபோல ஒரு மிதி காலடியில் இருக்கும். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும். அடித்ததை ஐயோ சார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். சுவரில் ஒரே ஒரு விதி ஒட்டியிருந்தது: கேட்டதைக் கேட்டபடி அடி. விவசாயி இருமினால் இருமல் என்று அடிக்க வேண்டும், கொட்டாவி விட்டால் கொட்டாவி. யோசிக்கக் கூடாது. யோசிக்காமல் வேலை பார்ப்பதில் எங்களை மிஞ்ச ஆள் இல்லை என்று நான் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். பெருமைப்பட வேறு எதுவும் அந்த மாடியில் இல்லை.

காதை நம்பிப் பிழைத்த எங்களுக்கு ஹெட்ஃபோன் விஷயத்தில் ஐயோ சார்தான் குடும்ப டாக்டர். அவரைக் கேட்காமல் ஒன்று வாங்கிவிட்டால் அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்க்க முடியாது, எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். அதுவும் விலை குறைந்த சாமான்களில்தான் அவருடைய ஞானம் எல்லாம். விலை கூடினதைப் பற்றிக் கேட்டால், “ஐயோ, அது கெட்டுப்போனா மனசு தாங்காதுப்பா” என்று கையைக் கூப்பிவிடுவார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே போய் நின்றேன்.

“சார், டெய்லி கேக்குறதுக்கு எனக்கு ஒரு ஹெட்ஃபோன் சொல்லுங்க.”

“ஐயோ, மொதல்ல நீ சொல்லு. யார் பேசறத கேக்கப் போற?”

“யாரும் பேசல சார். ஆபீஸ் வேல, வீட்ல கொஞ்சம் பாட்டு.”

“ஐயோ, உனக்குன்னு பேச யாருமே இல்லியா?” என்று அப்போதே எனக்காகக் கலங்கிவிட்டார்.

பிறகு பாடம் நடத்தினார். காதை மூடுகிற கிண்ணத்தின் முதுகு அடைத்திருந்தால் அது க்ளோஸ்டு பேக். முதுகில் சல்லடை மாதிரி ஓட்டை விட்டிருந்தால் ஓப்பன் பேக். அடைத்ததில் வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்சத்தம் வெளியே போகாது, மத்தளம் நன்றாக அதிரும். ஆனால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரத்தில் காது அவிந்துவிடும், ஆறு மாதத்தில் மெத்தைத் தோல் உரிந்து கன்னமெல்லாம் கரி ஒட்டும். திறந்ததில் காற்று வரும், குரல் இயல்பாகக் கேட்கும், மணிக்கணக்கில் மாட்டலாம். ஆனால் அதிர்வு கம்மி, மின்விசிறிச் சத்தம் உள்ளே வரும், நாம் கேட்பது ஊருக்கே கேட்கும்.

“ஐயோ, சுருக்கமா சொல்றேன் கேளு. மூடினது மண்டைக்குள்ள பேசும். தொறந்தது எதிர்ல உக்காந்து பேசும். ரெண்டுலயும் நிம்மதி இல்ல, பாத்துக்க.”

சோதனைகளும் உண்டு. ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு வாயில் ஒரு முறுக்கைத் திணிப்பார். அடைத்ததைப் போட்டுக்கொண்டு முறுக்கு தின்றால் மண்டைக்குள் ரோடு போடுகிற மாதிரி இருக்கும். திறந்ததில் அவ்வளவு தெரியாது. அடுத்தது, மின்விசிறியை நிறுத்திவிட்டு மே மாதத்தில் நாற்பது நிமிடம் உட்கார வைப்பார். எழுந்து ஓடாமல் இருந்தால் அடைத்ததை வாங்கலாம் என்று அனுமதி. நான் ஓடவில்லை. அதற்காக இன்று வரை வருந்துகிறேன்.

ஏனென்றால், அடைத்ததை வாங்கி இரண்டாவது சனிக்கிழமை, மூலை மேசையில் நான் அடித்துக்கொண்டிருந்தபோது எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். “பூட்டப் போறேன்!” என்று மேனேஜர் மூன்று தடவை கத்தினாராம். கேட்டால்தானே? கழற்றிப் பார்த்தபோது வெளிக்கதவு பூட்டியிருந்தது. சாவியோடு மேனேஜர் குடும்ப சகிதமாக நோணாங்குப்பம் போய்ப் படகு ஏறிவிட்டார், போன் எடுக்கவில்லை. வேறு யாரைக் கூப்பிட? ஐயோ சார் நெல்லித்தோப்பு வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

“ஐயோ, நான்தான் சொன்னனே! மூடினத மாட்டுனா உலகம் முடிஞ்சாலும் தெரியாதுன்னு!”

“சார், நீங்கதான சார் வாங்கச் சொன்னீங்க!”

“ஐயோ, தொறந்தத சொல்லியிருந்தா மட்டும் நீ நல்லா இருந்துருப்பியா?”

நான் ஜன்னல் வழியாக ஒரு கயிற்றை இறக்கினேன். அதில் பையைக் கட்டி டீயும் பன்னும் மேலே அனுப்பினார். மேனேஜர் படகிலிருந்து இறங்கி வரும்வரை இரண்டு மணி நேரம் டயர் கடை வாசலில் வெயிலில் நின்றார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, “ஐயோ, மூச்சு விட முடியுதா?” என்று கேட்டார். ஐந்து ஜன்னல் திறந்திருந்த மாடி அது.

எங்களையெல்லாம் அடைத்ததை வாங்கச் சொல்லிவிட்டு அவர் மட்டும் திறந்ததை வைத்திருந்தார். அது ஆபீஸ் வேலைக்கு அல்ல. அவர் வேலை படிப்பது, காதுக்கு அதில் இடமில்லை. தினமும் பதினொன்றரை மணிக்கு அவர் மனைவி லூர்து அக்காவிடமிருந்து போனில் குரல் பதிவு வரும், அதற்காக.

லூர்து அக்காவின் அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் அக்காவுக்கும் மகளுக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை. மகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் என்று பாரிஸுக்குப் போனார் அக்கா. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த ஆறு மாதம் ஒரு வருடம் ஆகியிருந்தது. பிறகு மூன்று வருடம் ஆனது. இனி அவள் வரமாட்டாள் என்று ஐயோ சார் மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

“நீங்களும் போலாமே சார்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஐயோ, விசா குடுக்க மாட்டான். குடுத்தா குளிரும். குளிர்ல செத்தா அங்கியே பொதைச்சிடுவாங்க.”

மனுவே போட்டதில்லை மனிதர்.

திறந்த ஹெட்ஃபோன் ஆயிற்றே, அக்கா பேசுவது நாலு மேசைக்குக் கேட்கும். ஒவ்வொரு பதிவும் ஒரே மாதிரி தொடங்கும். “அலோ... கேக்குதா?” அப்புறம் மூச்சு விடாமல் திட்டு. தயிரை மூடி வைத்தீர்களா, அந்தப் பழைய செருப்பைத் தூக்கிப் போட்டீர்களா, கரண்ட் ஆபீஸ்காரன் வந்தானா, மாத்திரை போட்டீர்களா. ஐயோ சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடிந்ததும் போனில் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்புவார். அவ்வளவுதான் பதில்.

முதலில் எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. போகப் போகப் பழகிவிட்டது. பிறகு அக்கா குரல் கேட்காமல் வேலை ஓடாது என்று ஆனது. ஒன்று மட்டும் எல்லோரும் கவனித்தோம், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் சேர்ந்த புதிதில் சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நிமிடம் ஓடிய பதிவு, ஆறாகி, நாலாகி, இரண்டாகியிருந்தது. அக்காவுக்குத் திட்ட விஷயம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு பெண்பிள்ளை திட்டுவதை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று தெரியாதவர்களா நாங்கள்? ஐயோ சாருக்கும் தெரிந்திருந்தது. அவர் ‘ஐயோ’ நாளுக்கு நாள் மெலிந்தது.

இந்த நேரத்தில்தான் சுமதி ஒரு காரியம் செய்தாள். சுமதி அவருக்கு அந்தப் பக்கத்து மேசை, எங்களில் வேகமானவள். அவள் கால் நின்றாலும் கை நிற்காது. ஒருநாள் புழுக்கம் தாங்காமல் அடைத்த ஹெட்ஃபோனின் ஒரு கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளியிருந்தாள். கொசு கடித்த இடத்தைச் சொறிய மிதியிலிருந்து காலை எடுத்தாள். காதில் ஓடிய பேட்டி நின்றது. மணி பதினொன்றரை. கேட்டதைக் கேட்டபடி அடித்தாள்.

இரண்டு வாரம் கழித்து, நிலக்கடலைப் பேட்டியின் அந்தப் பக்கம் திரும்பி வந்தது. மேனேஜர் எங்களை நிறுத்தி வைத்து உரக்கப் படித்தார்.

“கேள்வி: மல்லாட்டைக்கு இந்த வருஷம் இன்னா உரம் போட்டீங்க? பதில்: தொழு உரம்தாங்க, ரெண்டு வண்டி அடிச்சேன். அலோ, கேக்குதா? மூணு நாளா ஒரே பனியனப் போட்டுகினு திரியாதீங்க. கேஸ மூடுனீங்களா? முட்டிக்குத் தைலம் தேச்சா தேஞ்சா போயிடுவீங்க? அப்புறம் ஜிப்சம் ஒரு மூட்டைங்க.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் வேலை போய்விடும் என்ற நிலைமை. இதில் கொடுமை என்னவென்றால், ஆராய்ச்சிக்காரர் ஒருவர் மெனக்கெட்டு பஸ் ஏறிப் போய் அந்த விவசாயியிடமே கேட்டிருக்கிறார். “நான் சொல்லலீங்க. ஆனா சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லியே” என்றாராம் அவர்.

மேனேஜர் பக்கத்தின் அடியைக் காட்டினார். ஐயோ சாரின் கையெழுத்து.

“படிச்சுப் பாத்துதான் போட்டீங்களா?”

“ஐயோ, படிச்சேன் சார்.”

“வித்தியாசமா ஒண்ணும் தெரியலியா?”

“ஐயோ, இல்ல சார். நெதம் கேக்கறதுதான?”

அன்றே உத்தரவு. சொந்தக் காரியத்துக்குக் கேட்பதாக இருந்தால் அடைத்த ஹெட்ஃபோன். திறந்தது இனி ஹாலுக்குள் வரக் கூடாது. மேனேஜரைக் குறை சொல்ல முடியாது, அந்த ஆராய்ச்சி வேலை கைவிட்டுப் போனால் எட்டு பேர் வீட்டில் அடுப்பு எரியாது. ஐயோ சார் மறுநாள் ஒரு க்ளோஸ்டு பேக் வாங்கி வந்தார். முறுக்குச் சோதனையைத் தனக்குத் தானே செய்தார். பாதி முறுக்கில் நிறுத்திவிட்டு மீதியைப் பொட்டலம் கட்டினார்.

“எப்டி இருக்குது சார்?”

“ஐயோ, மண்டைக்குள்ள பேசறாப்பா. போய்ச் சேந்தவங்க பேசற மாதிரி இருக்குது.”

ஹால் அமைதியானது. ஆராய்ச்சிக்காரர்கள் மகிழ்ந்திருப்பார்கள். எங்களுக்குத்தான் பதினொன்றரை மணிக்குக் கை ஓடவில்லை. சுமதி தினமும், “அக்கா இன்னா சொன்னாங்க சார்?” என்று கேட்பாள். “ஐயோ, அதேதான்மா” என்பார். கண்ணை மூடிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நாங்களும் அதேதான் என்று நம்பினோம்.

ஒருநாள் என் பேனா உருண்டு அவர் மேசைக்கடியில் போனது. குனிந்தேன். ஹெட்ஃபோன் ஒயரின் முனை போனில் இல்லை. காலுக்கடியில் தரையைத் தொட்டுக்கொண்டு தொங்கியது. மேலே அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தோளைத் தொட்டு ஒயரைக் காட்டினேன். கழற்றினார்.

“ஐயோ, பாத்துட்டியா?”

“எம்மாம் நாளா சார்?”

“ஐயோ, பதினோரு நாளா. ஒண்ணும் வரல.”

“போன் பண்ணிக் கேக்கறதுதான?”

“ஐயோ, கேட்டு? இனிமே பேச ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா? இப்ப அது தெரியாம இருக்குது. தெரியாம இருக்கறவரைக்கும் நல்லதுதான?”

“அப்ப இத எதுக்கு மாட்டிகினு உக்காந்துருக்கீங்க?”

“ஐயோ, கழட்டுனா சுமதி கேக்குமே, அக்கா இன்னா சொன்னாங்கன்னு. அதுக்கு நான் இன்னா சொல்றது?”

திறந்த ஹெட்ஃபோனாக இருந்திருந்தால் முதல் நாளே எங்களுக்குத் தெரிந்திருக்கும். பதினோரு நாள் அந்த மனிதர் அந்த மூடிக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறார், ஒரு முழத் தூரத்தில் நான் மல்லாட்டை விலையை அடித்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு எனக்கு இன்றும் ஆறவில்லை.

சுமதியிடம் சொன்னேன். அவள் நேராக வந்து கையை நீட்டினாள். “போனக் குடுங்க சார். நான் பேசறேன்.”

“ஐயோ, வாணாம்மா.”

“குடுங்க சார்.”

“ஐயோ, பேசு. ஆனா அவ இன்னா சொன்னாலும் எங்கிட்ட சொல்லாத.” போனைக் கொடுத்துவிட்டு மாடிப்படி இறங்கிப் போய் டயர் அடுக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டார்.

மணி போனது. நான்காவது மணியில் எடுத்தார் அக்கா. சுமதி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, நான் சுமதி. சார் ஆபீஸ்ல பக்கத்து டேபிள்.”

“ஐயோ, அவருக்கு இன்னா ஆச்சு?”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த வார்த்தை எந்த வீட்டிலிருந்து வந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

“நல்லாத்தான் இருக்காருக்கா. நீங்க ஏன் பேசறதில்ல?”

அக்கா சொன்னார். “யார்கிட்ட பேசறது? மூணு வருஷமா அலோ கேக்குதா, அலோ கேக்குதான்னு கத்திகினு இருந்தேன். அந்த மனுஷன் கட்டவெரலக் காட்றாரு. கேட்டுட்டுக் காட்றாரா, கேக்காமலே காட்றாரா, எனக்கு இன்னா தெரியும்? சொவுத்துகிட்ட எம்மாம் நாள்தான் பேசுவ?”

சுமதி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்க ஆரம்பித்தாள். பனியன், கேஸ், தைலம், போன வருடத்து மழையில் மொட்டை மாடியில் மறந்த மிளகாய், பேத்தி முதல் பல் முளைத்தபோது அக்கா அழுதது, எல்லாவற்றையும் கேட்டபடி, அக்கா மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கி.

“நீ எப்டி இதெல்லாம்...”

“சார் வெச்சிருந்தது தொறந்த ஹெட்ஃபோன்கா. அவரு கேக்கறப்ப நாங்களும் கேப்போம். ஒரு நாள்கூட அவரு கேக்காம இருந்ததில்ல. சில நாள் ரெண்டு தடவ கேப்பாரு.”

“எல்லாத்தையுமா கேட்டீங்க?”

“எல்லாத்தையும்கா.”

“மூலத்துக்கு மருந்து சொன்னது?”

“அதுவும்கா.”

“ஐயோ” என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

மறுநாள் பதினொன்றரைக்கு ஐயோ சாரின் போன் அதிர்ந்தது. பதினாலு நிமிடப் பதிவு. அவர் அதைத் தொடவில்லை, பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் தன் அறையிலிருந்து வந்தார். “ஒரு மணிக்குச் சாப்பாட்டு டைம். அப்ப ஹால்ல எந்த ரெக்கார்டிங்கும் ஓடாது. எத வேணா மாட்டிகினு கேளுங்க” என்று சொல்லிவிட்டு, தன் டிபன் பாக்ஸை எடுத்துவந்து எங்களோடு உட்கார்ந்தார். அவருக்கும் அக்கா பழக்கம்தானே.

ஒரு மணிக்கு ஐயோ சார் பையிலிருந்து பழைய திறந்த ஹெட்ஃபோனை எடுத்து மாட்டினார். ஒயரை நான் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். போனில்தான் இருந்தது.

“அலோ... கேக்குதா?”

நம் வீட்டு விஷயத்தை ஊருக்கே போட்டுக் காட்டினீர்களே, வெட்கம் இல்லையா என்று தொடங்கிப் பதிமூன்று நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினார் அக்கா. கடைசியில் குரல் இறங்கியது. இப்போது வர முடியாது, மகள் வேலைக்குப் போகிறாள், பேத்தி பெரிய பள்ளிக்கூடம் போகிறவரை முடியவே முடியாது, அதற்குள் என் முட்டி என்ன ஆகுமோ தெரியாது என்றார். எங்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. வரமாட்டார் என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஐயோ சார் ஒருவர்தான், அவர் சொன்னதுதான் சரியாகப் போனது. உலகத்தில் இப்படிப்பட்டவர்கள் சொல்வது பலிப்பதைப்போல எரிச்சல் மூட்டுவது வேறில்லை.

பதிவு முடிந்தது. வழக்கம்போலக் கட்டைவிரல் படத்தைத் தேடிப் போனது அவர் விரல். பாதியில் நின்றது. பதிவு செய்கிற பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். என்ன சொல்வார் என்று எட்டு பேருக்கும் தெரியும், வருடக்கணக்காகக் கேட்கும் வார்த்தை. சுமதி சோற்றுக் கையோடு அப்படியே இருந்தாள்.

இப்போது அந்த ஆபீஸ் இல்லை. பேச்சைக் கேட்டு மெஷினே அடித்துக்கொள்கிறது, எங்களைவிட யோசிக்காமல். எட்டு பேரும் எட்டுத் திக்கில். ஐயோ சார் அதே நெல்லித்தோப்பு வீட்டில் தனியாக, இன்னும் விசா மனுப் போடாமல். மலிவாக ஒரு நல்ல ஹெட்ஃபோன் சொல்லுங்கள், திறந்ததா அடைத்ததா என்று யாராவது கேட்டால், யார் பேசுவதைக் கேட்கப் போகிறீர்கள் என்று நானும் கேட்கிறேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

அன்று அவர் சொன்னது இரண்டே வார்த்தை. முன்னால் ஒரு ‘ஐயோ’ இல்லை.

“கேக்குது லூர்து.”